பாஸ்லோவிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு: முழங்கால் வலிக்காரர்களோடு ஒரு நடை

இங்கிலாந்தில் ஒரு நடைபாதையைப் பற்றி 'ஈஸி வாக்' என்று போட்டிருந்தால் உடனே நம்பிவிடக் கூடாது. அதை எழுதியவர் வாராவாரம் மலையேறுகிற ஆளாக இருப்பார். அவருக்குச் சுலபமாக இருப்பது, விசிட்டர் விசாவில் கம்பத்திலிருந்து வந்திருக்கும் என் மாமியாருக்குச் சுலபமாக இருக்காது. முழங்கால் வலி, சேலை, அதற்கு மேல் கனமான ஜாக்கெட், குளிர் பட்டாலே பாத்ரூமைத் தேடும் அவசரம். இதெல்லாம் எந்தத் துண்டுப்பிரசுரத்தின் கணக்கிலும் வராது.

நாங்கள் இருப்பது ஷெஃபீல்டில். பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி எங்கள் நகர எல்லைக்குள்ளேயே இருக்கிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் கூட்டிப்போவது பாஸ்லோ என்ற கிராமத்துக்கு. அங்கிருந்து டெவன்ஷயர் டியூக்குகளின் சாட்ஸ்வொர்த் மாளிகைக்கு எஸ்டேட் புல்வெளி வழியாக நடந்தே போய்விடலாம். பெரும்பாலானவர்கள் நேராக மாளிகை வாசலில் காரை நிறுத்தி, டிக்கெட் எடுத்து, உள்ளே ஓவியங்களையும் சிலைகளையும் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். தப்பில்லை. ஆனால் என்னைக் கேட்டால், அந்த இடத்தின் கதை பாதிக்கு மேல் வெளியே, டிக்கெட் இல்லாமல் கிடைக்கிறது.

பஸ்ஸில் வருவதானால் ஷெஃபீல்டிலிருந்து பேக்வெல் போகும் 218. பாஸ்லோவில் நெதர் எண்ட் என்ற இடத்தில் இறங்கிக்கொள்ளலாம். காரில் வந்தாலும் கார் பார்க் அங்கேதான், கட்டணம் உண்டு. பொதுக் கழிப்பறையும் அங்கேயே இருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் எல்லாரையும் ஒரு தடவை அனுப்பிவிடுங்கள். 'எனக்கு இப்ப வரலை' என்பவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். அடுத்த கழிப்பறை மாளிகைக்குப் பக்கத்தில், சுமார் இரண்டரை கிலோமீட்டர் தள்ளி.

கார் பார்க்குக்குப் பின்னால் பார் புரூக் என்ற சின்ன ஓடை. பாலத்தைத் தாண்டியதும் கூரை வேய்ந்த வீடுகள் சில இருக்கும். பீக் டிஸ்ட்ரிக்டில் வீடு என்றால் கல் சுவர், கல் ஓடு. கூரை வீடு அபூர்வம். மாமியார் அங்கேயே நின்றுவிட்டார். "இங்கேயும் கூரை வீடா? மழைக்கு ஒழுகாதா?" என்று கேட்டார். ஒழுகாது. நல்ல கனமாக, நல்ல சரிவாக வேய்ந்திருப்பார்கள்.

இந்த வழியை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அடுத்து வரும் கேட்தான். இங்கிலாந்து கிராமப்புறத்தில் நடப்பவர்களை அலைக்கழிப்பவை இரண்டு. ஒன்று ஸ்டைல்: வேலியையோ கல் சுவரையோ ஏறித் தாண்டுவதற்கு வைத்திருக்கும் படி. சேலை கட்டியவர்களுக்கும் முழங்கால் மடங்காதவர்களுக்கும் அது ஆகாது. இன்னொன்று கிஸ்ஸிங் கேட்: கூண்டு மாதிரி ஒரு அடைப்புக்குள் ஆடும் கதவு. உள்ளே போய், கதவை முன்னால் தள்ளி, ஒரு பக்கம் ஒதுங்கி வெளியே வர வேண்டும். ஆடு மாடு தாண்டாது, மனிதன் தாண்டுவான். ஆனால் குழந்தையின் தள்ளுவண்டி சிக்கிக்கொள்ளும். பாஸ்லோவிலிருந்து எஸ்டேட்டுக்குள் நுழையும் இடத்தில் இருப்பது சக்கர நாற்காலியே போகிற அளவுக்குப் பெரிய கேட். எனவே, ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை மைல் என்று பார்ப்பதற்கு முன்னால் எத்தனை ஸ்டைல் என்று பாருங்கள். நடைக் குறிப்புகளில் அதை எழுதியிருப்பார்கள்; எழுதவில்லை என்றால் அந்தக் குறிப்பை விட்டுவிடுங்கள்.

கேட்டைத் தாண்டினால் திறந்த புல்வெளி, பெரிய பெரிய ஓக் மரங்கள், எங்கு பார்த்தாலும் செம்மறி ஆடுகள். ஆட்டுப் புழுக்கை இல்லாத இடமே இருக்காது. வெள்ளை ஷூ வேண்டாம். பாதை தெளிவாக, கிட்டத்தட்ட சமமாகவே போகும். மழை பெய்த மறுநாள் தாழ்வான இடங்களில் மட்டும் நசநசவென்று இருக்கும். இந்த ஊர்க்காரர்கள் முக்கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். நமக்கு, ஆட்டுக்குட்டியோடு போட்டோ எடுக்கும் நேரத்தையும் சேர்த்து, ஒன்றரை மணி வைத்துக்கொள்ளலாம்.

மாமா எப்போதும் பத்தடி பின்னால்தான் வருவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வரப்பில் நடக்கிற நடை. வழியில் ஓரிடத்தில் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் சாய்வாக விழுந்த நேரம். புல்வெளி வழவழப்பாக இல்லை. நீளவாக்கில் மேடும் பள்ளமுமாக, வரிவரியாகத் தெரிந்தது.

"என்ன மாமா?"

"இது தானா வந்த மேடு இல்லம்மா. ஏர் ஓட்டுன நெலம்."

சரியாகத்தான் சொன்னார். இடைக்காலத்தில் இங்கே ஊர் மக்கள் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டு உழுத நிலம் இது. அந்தக் காலத்து ஏர் மண்ணை ஒரே பக்கமாகத்தான் புரட்டும். நீளத் துண்டைச் சுற்றிச் சுற்றி உள்பக்கமாக உழுதுகொண்டே வந்தால், வருஷா வருஷம் மண் நடுவில் சேர்ந்து மேடாகிவிடும். இரண்டு துண்டுக்கு நடுவில் பள்ளம் விழும். பிறகு நிலம் மேய்ச்சலுக்கும் அழகுத் தோட்டத்துக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு ஆழமாக உழாததால் அந்த வரிகள் அப்படியே நிற்கின்றன. நடுப்பகலில் போனால் ஒன்றும் தெரியாது. காலையிலோ மாலையிலோ, வெயில் படுக்கையாக விழும்போதுதான் கண்ணில் படும். மேடு லேசாக வளைந்து போவதையும் மாமா காட்டினார். பல ஜோடி மாடு பூட்டிய நீளமான ஏரைத் திருப்ப இடம் வேண்டும், அதனால் முன்கூட்டியே ஒதுங்கத் தொடங்கியிருப்பார்கள் என்றார். இங்குள்ள நிலவரலாற்று ஆய்வாளர்களும் அதே காரணத்தைத்தான் சொல்கிறார்கள். நான் அந்த வழியில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். குண்டும் குழியுமான புல் என்றுதான் நினைத்திருந்தேன்.

மாளிகையை நெருங்கும்போது ஆற்றுப் பக்கம், சுற்றிலும் அகழி வைத்த உயரமான கல் மேடை ஒன்று வரும். குயின் மேரிஸ் பவர் (Bower, நிழலான ஓய்விடம்) என்று பெயர். ஸ்காட்லாந்து ராணி மேரியை இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத் சிறைவைத்திருந்த காலத்தில், 1570க்குப் பிறகு பல தடவை சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அவர் காற்று வாங்க வந்த இடம் என்பது செவிவழிச் செய்தி. மேரி பார்த்த மாளிகை இப்போது இருப்பது இல்லை. இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் முதல் டியூக் 1687 தொடங்கி இருபது வருடங்களில் கட்டியது. மேற்குப் பக்க ஜன்னல் சட்டங்களில் தங்கத் தகடு ஒட்டியிருக்கிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்றால், பிற்பகல் வெயிலில் பளிச்சென்று தெரியும். அதற்கும் டிக்கெட் வேண்டாம்.

மாளிகைக்குப் பக்கத்தில் பழைய குதிரை லாயம். இப்போது அதில் உணவகமும் கடையும் நடக்கின்றன. கழிப்பறை உண்டு, உட்கார இடம் உண்டு, மாளிகைக்கு டிக்கெட் எடுக்காதவர்களும் போகலாம். விலையைக் கேட்டால் மாமியார் அதை ரூபாயில் பெருக்கிவிடுவார் என்பதால் நான் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போகிறேன். புல்வெளியில் ஒரு மரத்தடி பார்த்து உட்கார்ந்துவிட வேண்டியதுதான். ஆடுகள் வாசனை பிடித்து வரும். கொடுக்காதீர்கள், குப்பையைத் திரும்பக் கொண்டுபோய்விடுங்கள்.

தோட்டத்துக்குக் கட்டணம் உண்டு. விவசாயி யாராவது உடன் வந்தால் எடுத்துவிடுங்கள். எம்பரர் நீரூற்று 1844இல் ரஷ்ய மன்னர் முதலாம் நிக்கோலஸ் வரப்போகிறார் என்று அவசரமாகச் செய்தது. அவர் வரவே இல்லை. தண்ணீர் 90 மீட்டர் உயரம் வரைகூட எழும்பியிருக்கிறது. மாமா கேட்ட முதல் கேள்வி: "மோட்டார் எங்கே?" மோட்டார் கிடையாது. மேலே காட்டுக்குள் எட்டு ஏக்கரில் ஓர் ஏரி வெட்டி, அங்கிருந்து குழாயில் இறக்கியிருக்கிறார்கள். மேட்டிலிருந்து வரும் அழுத்தம்தான் எல்லாம். இதைச் செய்தவர் ஜோசப் பாக்ஸ்டன். 1826இல் தோட்டக்காரராக வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. பின்னால் லண்டனில் 1851 கண்காட்சிக்குக் கண்ணாடி மாளிகை வடிவமைத்தவரும் அவரே.

அவரிடமிருந்து நம் ஊர்வரை நீளும் ஒரு சங்கதி உண்டு. மொரீஷியஸிலிருந்து இங்கிலாந்துக்கு வந்திருந்த ஒரு வாழைக் கன்றை வாங்கி, பாக்ஸ்டன் இங்கே கண்ணாடி வீட்டுக்குள் வளர்த்துக் குலை தள்ள வைத்தார். டியூக் குடும்பத்தின் பெயர் கேவண்டிஷ். அதையே வாழைக்கும் வைத்தார்கள். இங்கிருந்து மதபோதகர் ஒருவர் சமோவா தீவுக்குக் கன்று கொண்டுபோனார். இன்று உலகச் சந்தையில் விற்கும் வாழைப்பழத்தில் பெரும்பகுதி கேவண்டிஷ் வகை. தேனிப் பக்கம் தோட்டம் தோட்டமாகப் போட்டிருக்கும் ஜி-9 அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். மாமாவுக்கே இரண்டு ஏக்கர் இருக்கிறது. "குளிருல இதை எதுக்கு வளத்தான்?" என்றார். எதற்கு என்று கேட்டால், பணம் இருந்தது, அதற்குத்தான்.

மாளிகையிலிருந்து மேற்கே, ஜேம்ஸ் பெயின் 1760களில் கட்டிய மூன்று வளைவுப் பாலத்தைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் போனால் எடன்சர் கிராமம். உள்ளூர்க்காரர்கள் 'என்சர்' என்பார்கள். வழியில் ஒரு சின்ன மேடு உண்டு, மெதுவாக ஏறலாம். இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் மாளிகையை விட்டுவிட்டு எடன்சருக்குத்தான் போவேன்.

பழைய எடன்சர் இப்போது இருக்கும் இடத்தில் மட்டும் இல்லை. ஆற்றுப் பக்கமாகவும் பரவியிருந்தது. நாலாவது டியூக் காலத்தில், கேப்பபிலிட்டி பிரவுன் என்ற தோட்ட வடிவமைப்பாளர் வந்து சுற்றுப்புறத்தையே 'இயற்கையாக' மாற்றியபோது, மாளிகையிலிருந்து பார்த்தால் தெரிகிற வீடுகளை இடிக்கத் தொடங்கினார்கள். ஆறாவது டியூக் 1838 முதல் சில வருடங்களில் மிச்ச வீடுகளையும் எடுத்துவிட்டு, கண்ணுக்குப் படாத சரிவில் புது ஊர் கட்டிக்கொடுத்தார். ஒரு வீடு இத்தாலிய பாணி, அடுத்தது சுவிட்சர்லாந்து மர வீடு, இன்னொன்றுக்குக் கோட்டை மாதிரி தலைப்பு. ஒன்று போல் ஒன்று இல்லை. கதவும் ஜன்னலும் மட்டும் எஸ்டேட்டுக்கே உரிய அந்த நீலம். சாலைக்கு இந்தப் பக்கம், பழைய ஊரின் ஒரே ஒரு வீடு மட்டும் மதில் சுவருக்குள் தனியாக நிற்கிறது. அதைக் காட்டி மாமியாரிடம் கதையைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான். "வீடு குடுத்தான் சரி. போகச் சொன்னப்ப மாட்டேன்னு சொல்ல முடிஞ்சிருக்குமா?"

எடன்சர் தேவாலயத்தைக் கட்டியவர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட், ஆண்டு 1867. பின்னால் கல்லறைத் தோட்டம் சரிவாக மேலேறிப் போகிறது. பாக்ஸ்டன் அங்கேதான் இருக்கிறார், டியூக்குகளுக்குச் சற்றும் குறையாத கல்லறையில். மேலே போனால் கேத்லீன் கென்னடியின் கல். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் தங்கை. அப்போதைய டியூக்கின் மூத்த மகனை 1944இல் மணந்தார். சில மாதங்களிலேயே கணவர் போரில் இறந்தார். 1948இல் இவர் விமான விபத்தில் போய்விட்டார். கென்னடி 1963 ஜூனில் இங்கே வந்து அஞ்சலி செலுத்தியதற்கு ஒரு கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். அந்த நவம்பரில்தான் டாலஸில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். புல் ஈரமாக இருந்தால் இந்தச் சரிவு வழுக்கும், வயதானவர்கள் கீழேயே இருக்கலாம்.

இன்னும் தெம்பு இருந்தால், பாலத்துக்குத் திரும்பி வந்து ஆற்றின் மேற்குக் கரையோடு தெற்கே கால்டன் லீஸ் வரை போகலாம். சமதளம், புல் பாதை, இரண்டு தடுப்பணை. முடிவில் இடிந்த தண்ணீர் ஆலை ஒன்று நிற்கும். அதுவும் பெயின் கட்டியது. 1962 புயலில் மரம் விழுந்து உடைந்து, அப்படியே விட்டுவிட்டார்கள். பக்கத்தில் செடி விற்கும் கார்டன் சென்டர் இருக்கிறது, காபி கிடைக்கும். அங்கே மாமியாரை ஒரு மணி நேரம் இழக்கத் தயாராக இருங்கள்.

மாளிகைக்கு மேலே காட்டு உச்சியில் தெரியும் ஹண்டிங் டவர் 1580களைச் சேர்ந்தது, அசல் மாளிகையைக் கட்டிய பெஸ் ஆஃப் ஹார்ட்விக் காலத்துக் கோபுரம். எல்லாரும் 'பக்கம்தானே' என்று கை காட்டுவார்கள். அது ஏற்றம், அதுவும் படி ஏற்றம். என் கணவரும் பிள்ளைகளும் ஓடிப் போய் வருவார்கள். நானும் மாமியாரும் கீழே உட்கார்ந்து தட்டை சாப்பிடுவோம். கூட்டமாகப் போகும்போது எல்லாரும் எல்லா இடத்துக்கும் வந்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில்தான் பாதி நடை கெடுகிறது.

பருவம் பற்றிக் கொஞ்சம். ஏப்ரல், மே மாதம் குட்டி போட்ட ஆடுகள் இருக்கும். நாய் கொண்டுவந்தால் கயிற்றில் பிடித்தே தீர வேண்டும். அக்டோபரில் மான்களுக்கு இணை சேரும் காலம். ஆண் மான் கத்துகிற சத்தம் மான் சத்தம் மாதிரியே இருக்காது, அடிவயிற்றிலிருந்து உறுமும். நூறு மீட்டராவது தள்ளி நில்லுங்கள், செல்ஃபிக்கு என்று ஒரு அடி கிட்டே போகக் கூடாது. கோடையில் உயரமாக வளரும் புதருக்குள் கால் வைத்தால் உண்ணி ஒட்டும். வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்பக்கம் எல்லாம் பாருங்கள். டிசம்பரில் நாலு மணிக்கு முன்னாலேயே சூரியன் மறைந்துவிடும். அந்த மாதத்தில் மதியச் சாப்பாட்டை வீட்டில் முடித்துவிட்டுக் கிளம்புவதற்குப் பதில், கையில் கட்டிக்கொண்டு காலையிலேயே வந்துவிடுவது நல்லது. எஸ்டேட்டின் நடுவே பி6012 சாலை போகிறது. ஆடுகள் அதில் நடுவிலேயே படுத்திருக்கும், கார்களும் வரும். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

போன் சிக்னல் பள்ளத்தாக்கில் வரும், போகும். ஆர்டினன்ஸ் சர்வேயின் ஓஎல்24 வரைபடம் ஒன்று பையில் இருந்தால் கவலை இல்லை. பச்சைக் கோடுகள் பொது மக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகள். வழியில் கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு, நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும்கூட வரும். இந்த உரிமை சும்மா வந்ததில்லை. இங்கிருந்து வடமேற்கே கிண்டர் ஸ்கவுட் மலையில், வேட்டைக்காக அடைத்துவைத்திருந்த நிலத்தில் 1932 ஏப்ரலில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வேண்டுமென்றே நுழைந்து நடந்தார்கள். ஐந்து பேரைச் சிறையில் போட்டார்கள். அந்த நிலம் அன்றைக்கு டெவன்ஷயர் டியூக்குடையது. 2002இல், எழுபதாவது நினைவு நாளில், பதினோராவது டியூக் நேரில் வந்து தாத்தா காலத்தில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டார்.

திரும்பும் வழி வந்த வழியேதான். பாஸ்லோவில் பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் செயின்ட் ஆன்ஸ் தேவாலயக் கடிகாரத்தைப் பார்த்துவிடுங்கள். எண்களுக்குப் பதில் 'விக்டோரியா 1897' என்பதன் பன்னிரண்டு எழுத்தும் இலக்கமும் சுற்றிப் போட்டிருக்கிறது, ராணியின் வைர விழாவுக்காக. அதைப் பார்த்து மணி சொல்ல என் மகனுக்கு இன்னும் வரவில்லை. பக்கத்தில் பழைய கல் பாலம். அதன் ஓரத்தில் காவல்காரர் உட்கார ஒரு பொந்து, ஆள் குனிந்துதான் நுழைய முடியும்.

முழங்கால் நன்றாக இருப்பவர்கள் எடன்சரிலிருந்து மேலேறி, மலைமுதுகைத் தாண்டி, காட்டு வழியாகப் பேக்வெல்லுக்கு இறங்கலாம். நாலு கிலோமீட்டர்தான். ஆனால் கடைசி இறக்கம் செங்குத்து, மழைக்குப் பிறகு வழுக்கும், கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் அதே 218இல் ஏறி முன்னாலேயே போய், பேக்வெல் புட்டிங்கை ஆர்டர் செய்து வைத்திருக்கலாம். திங்கட்கிழமை அங்கே சந்தை நாள். அன்றைக்குக் காரில் போனால் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும், பஸ்ஸிலேயே போய்விடுங்கள்.